திட்டிக்கொண்டே பார்த்தாலும் அது பார்வைதான்: சீரியல் பற்றிய நம் கருத்து எங்கே போய்ச் சேருகிறது?

வியாழக்கிழமை வந்தால் டிஆர்பி பட்டியல், அதாவது எந்த நிகழ்ச்சிக்கு எவ்வளவு பார்வை கிடைத்தது என்ற கணக்கு, வாட்ஸ்ஆப்பில் சுற்ற ஆரம்பித்துவிடும். முதலிடம் பிடித்ததாகச் சொல்லப்படும் சீரியலை சேலம் அம்மாபேட்டையில் ஒரு தெருவே திட்டிக்கொண்டிருக்கும். அதே தெரு ஆசையாகப் பார்த்த இன்னொரு சீரியலை மதியத்துக்குத் தள்ளியிருப்பார்கள், அல்லது நாலே நாளில் எல்லாரையும் திருத்தி, ஒரு கல்யாணத்தைச் செய்துவைத்து முடித்திருப்பார்கள். "இதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்?" என்ற கேள்வியும், "நாங்க பார்த்ததை ஏன் நிறுத்தினாங்க?" என்ற கேள்வியும் ஒரே வீட்டுக்குள்ளிருந்து வருகின்றன. இரண்டுக்கும் பதில் ஒன்றுதான். பார்வையாளரின் கருத்து சேனலுக்குக் கருத்தாகப் போய்ச் சேருவதில்லை, நிமிடமாகப் போய்ச் சேருகிறது. அந்தக் காலத்து சீரியலுக்கும் இந்தக் காலத்து சீரியலுக்கும் நடுவே நாம் உணரும் வித்தியாசத்தில் பெரும்பகுதி இந்த மாற்றத்தால் வந்தது.

டிஆர்பி என்றால் என்ன, யார் எடுக்கிறார்கள்

இந்தியாவில் தொலைக்காட்சிப் பார்வையை அளக்கும் அமைப்பு பார்க் இந்தியா. சேனல்கள், விளம்பரதாரர்கள், விளம்பர ஏஜென்சிகள் என மூன்று தரப்பும் சேர்ந்து நடத்துவது. 2015-இல் இதன் வாராந்தரக் கணக்கு வெளிவரத் தொடங்கியது. அதற்கு முன் டாம் என்ற நிறுவனத்தின் கணக்கு இருந்தது.

வேலை நடக்கும் முறை இது:

1. ஒவ்வொரு சேனலும் தன் ஒலியோடு, காதுக்குக் கேட்காத ஓர் அடையாளக் குறியைச் சேர்த்து அனுப்புகிறது.

2. தேர்ந்தெடுத்த வீடுகளில் டிவியோடு ஒரு மீட்டர் வைக்கிறார்கள். அது அந்தக் குறியைப் பிடித்து, எந்த நிமிடம் எந்த சேனல் ஓடியது என்று பதிந்துகொள்கிறது.

3. டிவி ஓடினால் மட்டும் போதாது, யார் பார்த்தார்கள் என்பதும் வேண்டும். அதற்கு வீட்டில் ஆளுக்கொரு பட்டன் வைத்த தனி ரிமோட் உண்டு. பாட்டி உட்கார்ந்தால் பாட்டியின் பட்டன்; எழுந்து போனால் மறுபடி அழுத்த வேண்டும். இங்கேதான் தவறு நுழைகிறது. குழம்பு கொதிக்கிறதா என்று பார்க்கப் போனவர் பட்டனை அணைத்துவிட்டுப் போவது அபூர்வம்.

4. சனிக்கிழமை தொடங்கி வெள்ளிக்கிழமை முடியும் வாரத்தின் கணக்கு, அதற்கடுத்த வியாழக்கிழமை வெளியாகிறது.

செட்டாப் பாக்ஸ் வழியாகக் கணக்கு போகிறது என்று நினைப்பவர்கள் சேலத்தில் நிறையப் பேர். நம் கேபிள்காரர் கொடுக்கும் பாக்ஸ் படத்தை வாங்கி மட்டும் தரும். எதைப் பார்த்தோம் என்று திருப்பிச் சொல்லாது. மீட்டர் தனி. நாமே விண்ணப்பித்து அதை வாங்க முடியாது. மீட்டர் இருக்கும் வீடு எது என்பது ரகசியமாக இருக்க வேண்டும் என்பது விதி. இந்தச் சேனலை ஓடவிட்டால் மாதம் இவ்வளவு தருகிறோம் என்று யாராவது வந்தால் அது மோசடி. 2020-இல் மும்பை காவல்துறை பதிவு செய்த டிஆர்பி வழக்கில் எழுந்த குற்றச்சாட்டும் இப்படிப்பட்டதுதான்.

2025 நிலவரப்படி நாடு முழுக்க ஏறத்தாழ 23 கோடி வீடுகளில் டிவி இருக்கிறது. மீட்டர் வைத்த வீடுகள் ஏறத்தாழ 58,000. அதாவது சராசரியாக ஒரு வீடு சுமார் 4,000 வீடுகளுக்காகப் பேசுகிறது. ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது சரிதான், ஆனால் எல்லாச் சோறும் ஒரே பானையில் வெந்திருக்க வேண்டும். நகரம், கிராமம், படிப்பு, வீட்டில் இருக்கும் பொருட்கள் எனப் பிரித்து வீடுகளைத் தேர்ந்தெடுப்பது அதற்காகவே. தமிழ்நாடும் புதுச்சேரியும் சேர்ந்து ஒரு சந்தையாகக் கணக்கில் வருகின்றன. அந்த அளவில் முடிவு நம்பத்தக்கது. "சேலத்தில் எந்த சீரியல் முதலிடம்?" என்று இறங்கிக் கேட்டால், சொல்லும் அளவுக்கு அதில் வீடுகள் இருக்காது. ஊர்வாரியான பட்டியல் என்று சுற்றுவதை நம்ப வேண்டாம்.

பார்த்தவர் எண்ணிக்கையும் ரேட்டிங்கும் ஒன்றல்ல

ஒரு கற்பனைக் கணக்கு. 100 பேர் இருக்கிறார்கள். அரை மணி நேர சீரியலை 20 பேர் முழு 30 நிமிடமும் பார்க்கிறார்கள். இன்னும் 20 பேர் முதல் 15 நிமிடம் மட்டும் பார்த்துவிட்டுப் பாதியில் போய்விடுகிறார்கள். மீதி 60 பேர் பக்கமே வரவில்லை. எட்டிப் பார்த்தவர்கள் 40 பேர். இதை ரீச் என்பார்கள். ரேட்டிங் 40 அல்ல. 20 பேருக்கு 600 நிமிடம், அடுத்த 20 பேருக்கு 300 நிமிடம், ஆகமொத்தம் 900. இதை 30 நிமிடத்தால் வகுத்தால் 30. ஒவ்வொரு நிமிடத்திலும் சராசரியாக 30 பேர் இருந்தார்கள் என்று அர்த்தம்.

இப்போது அந்தப் பாதி 20 பேரை, கதவைத் தட்டுவது யார் என்று காட்டாமலே கடைசி வரை உட்காரவைத்தால் ரேட்டிங் 40 ஆகிவிடும். புதிதாக ஓர் ஆள்கூட வரவில்லை. பத்துப் புள்ளி ஏறிவிட்டது. கதவு தட்டும் சத்தத்தை முதல் பாதியிலேயே கேட்கவைத்து, கதவைக் கடைசி நொடியில் திறந்து, வந்தவர் முகத்தைக் காட்டாமல் 'தொடரும்' போடுவதன் பொருளாதாரம் இது.

இந்தக் கணக்கில் ரசித்துப் பார்த்த நிமிடத்துக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்த நிமிடத்துக்கும் ஒரே மதிப்பு. திட்டுவதற்காகவே வாரம் ஆறு நாளும் பார்ப்பவர், நல்ல சீரியல் என்று பாராட்டிவிட்டு வாரம் இரண்டு நாள் பார்ப்பவரைவிட மூன்று மடங்கு ஆதரவாளர்.

கணக்கில் வராதவர்கள்

சேலத்தின் வெள்ளிக் கொலுசுத் தொழில் பெரும்பாலும் வீடுகளிலும் சிறு பட்டறைகளிலும் நடப்பது. பனங்காடு, சிவதாபுரம் பக்கம் மாலையில் போனால், மடியில் தட்டை வைத்துக்கொண்டு பொடி வளையங்களைக் கோர்க்கும் பெண்களுக்கு எதிரே டிவி ஓடிக்கொண்டிருக்கும். கண் வளையத்தில்தான் இருக்கும். ஒரு கண்ணி தப்பினால் வரிசையே கோணும். காது மட்டும் சீரியலில் இருக்கும். 'டொய்ங்' என்று ஒரு சத்தம் வந்தால் தலை நிமிரும், யார் முகம் என்று பார்க்கும், மறுபடி குனியும்.

சீரியலின் பாணியில் நமக்கு எரிச்சலூட்டும் பாதிக்கு விளக்கம் இந்த ஒரு காட்சியில் இருக்கிறது. பாத்திரங்கள் ஏன் ஒருவரையொருவர் பேர் சொல்லியே கூப்பிடுகிறார்கள்? நேற்று நடந்ததை இன்று ஏன் வசனமாகத் திரும்பச் சொல்கிறார்கள்? மனசுக்குள் நினைப்பதை ஏன் வாய்விட்டு ஓடவிடுகிறார்கள்? எழுதுபவர்களுக்குத் திறமை போதாததால் அல்ல. கை வேலையில் இருக்கும்போது காதால் பின்தொடர்வதற்காக எழுதப்படும் வடிவம் இது; வானொலி நாடகத்துக்குப் பக்கத்தில் நிற்பது. உட்கார்ந்து உற்றுப் பார்ப்பவருக்கு அது இழுவையாகத் தெரியும். வேலை செய்துகொண்டே கேட்பவருக்கு அந்தத் திரும்பச் சொல்லல் இல்லாவிட்டால் கதையே தப்பிவிடும். தறிச் சத்தம் நிறைந்த விசைத்தறிக் கூடத்தில் இந்த வசதியும் இல்லை, அங்கே சீரியல் ஓடாது. இந்தப் பெண்களின் ரசனை மட்டம் என்று மேலோட்டமாகப் பேசுபவர்கள், எட்டு மணி நேரம் குனிந்து வேலை பார்ப்பவருக்கு எந்த வடிவக் கதை எட்டும் என்று ஒருமுறை யோசிக்க வேண்டும்.

பட்டறையில், கடையில், ஆஸ்பத்திரி வரவேற்பறையில் ஓடும் டிவி, வீட்டு மீட்டர் கணக்கில் சேராது. ஏற்காட்டில் இன்னொரு விதம். எஸ்டேட் குடியிருப்புகளிலும் கேபிள் ஒயர் போகாத மலைக் கிராமங்களிலும் சின்ன டிஷ்தான். அந்த டிஷ் வாங்கும் அலைவரிசை பலத்த மழையில் தேயும். துளிகள் அலையை உறிஞ்சியும் சிதறடித்தும் விடுவதால் திரையில் கட்டங்கட்டமாக உடைந்து, பிறகு சிக்னல் இல்லை என்று வந்துவிடும். மூடுபனிக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை, மழைக்குத்தான். கேபிள்காரரின் பெரிய குடை வேறு அலைவரிசையில் வாங்குவதால் அதே மழையில் கீழே ஊருக்குள் படம் நிற்காது. மழைக்காலத்து இரவில் தவறவிட்ட எபிசோடை மறுநாள் ஃபோனில் பார்க்கிறார்கள். அந்தப் பார்வை வியாழக்கிழமைப் பட்டியலில் இல்லை.

13 வாரமாக இருந்தபோது

சென்னைத் தொலைக்காட்சி 1975 ஆகஸ்ட் 15-இல் தொடங்கியது. செவ்வாய்க்கிழமை நாடகம், வெள்ளிக்கிழமை ஒளியும் ஒலியும், ஞாயிற்றுக்கிழமை படம் என்று வாரமே அதைச் சுற்றி நடந்தது. தூர்தர்ஷன் தொடர்கள் பல வாரம் ஓர் எபிசோட், 13 வாரம் என்ற அளவில் அனுமதிக்கப்பட்டன. ஒரு எபிசோடுக்கு 22 நிமிடம் வைத்தால் 13 வாரத்துக்கு 286 நிமிடம், இரண்டு சினிமா நீளம். எழுத ஆரம்பிக்கும்போதே முடிவு எழுதுபவரின் கையில் இருக்கும். கே. பாலசந்தரின் 'ரயில் சிநேகம்' தூர்தர்ஷனில் வந்ததும், இந்திரா சௌந்தர்ராஜன் கதையில் நாகா இயக்கிய 'மர்மதேசம்' பிறகு சன் டிவியில் வாரம் ஒருமுறை வந்ததும் இந்த மாதிரியான கட்டுக்கோப்பில்தான். ஒரு வாரம் முழுக்கக் காத்திருந்த பார்வையாளருக்கு அடுத்த வாரம் புதிதாக ஏதாவது தந்தே ஆக வேண்டும்.

1993 ஏப்ரல் 14-இல் சன் டிவி வந்தது. 1999 கடைசியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கியபோது திங்கள் முதல் வெள்ளி வரை தினசரி என்பது பழக்கமாகிவிட்டது. 'மெட்டி ஒலி' 2002 முதல் 2005 வரை. 'கோலங்கள்' 2003 முதல் 2009 வரை, 1,533 எபிசோடுகள். ஒரு எபிசோடுக்கு 20 நிமிடம் என்று குறைத்து வைத்தாலும் 500 மணி நேரத்துக்கு மேல். பிறகு சனிக்கிழமையும் சேர்ந்தது. இப்போது சில தொடர்கள் ஞாயிறும் வருகின்றன.

வாரம் ஆறு நாள், நாளுக்கு 22 நிமிடம் என்றால் 132 நிமிடம். வாரத்துக்கு ஒரு சினிமா எடுக்கிறார்கள். ஒரு சினிமாவுக்குக் கதை யோசிக்க மாதங்கள் ஆகும். இங்கே அதே அளவு கதைக்கு ஆறு நாள்.

காசு வந்த வழியும் மாறியது. முன்பு பல தயாரிப்பாளர்கள் சேனலுக்குப் பணம் கட்டி நேரத்தை வாங்கி, விளம்பரத்தைத் தாங்களே பிடித்தார்கள். லாப நஷ்டம் அவர்களுடையது. கதையில் அவர்கள் பேச்சும் எடுபட்டது. இப்போது பெரும்பாலும் சேனல் எபிசோடுக்கு இவ்வளவு என்று கொடுத்து எடுக்கச் சொல்கிறது. விளம்பர வருமானம் சேனலுக்கு, ஆகவே கதையின் கடிவாளமும் சேனலிடம். தொடங்கும்போது இயக்குநர் சொன்ன ஒன் லைன், அதாவது கதைச் சுருக்கம், நாற்பதாவது எபிசோடில் காணாமல் போவதை இந்த மாற்றத்தோடு சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

இழுவை எப்படி உண்டாகிறது

கேபிள் டிவி விதிகள் ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிட விளம்பரம் என்று வரம்பு வைக்கின்றன: 10 நிமிடம் வணிக விளம்பரம், 2 நிமிடம் சேனலின் சொந்த விளம்பரம். அரை மணிக்கு 6 நிமிடம் போக 24. அதில் டைட்டில் பாட்டு, முந்தைய எபிசோடின் கடைசிக் காட்சி, நாளைய முன்னோட்டம் போனால் புதிய கதைக்கு மிஞ்சுவது 20 நிமிடத்தைச் சுற்றித்தான்.

அந்த 20 நிமிடத்தையும் ஏறக்குறைய ஒரே நாளில் எடுத்தாக வேண்டும். இடம் மாற்றினால் விளக்கைக் கழற்றி மாட்டவே மணிக்கணக்கில் போகும். ஆகவே ஒரே ஹாலில், இருக்கும் நடிகர்களை நிற்கவைத்து, கன்னத்தில் ஒரு அறை விழுந்தால் ஆறு முகத்தின் அதிர்ச்சியையும் தனித்தனியாக எடுக்கிறார்கள். ஒரு முகம் ஐந்து நொடி, மும்முறை திரும்ப ஓட்டினால் ஒன்றரை நிமிடம் நிறைந்துவிடும். கால்ஷீட் சிக்கலில் ஒரு நடிகர் பத்து நாள் வராவிட்டால், அவர் பாத்திரம் ஊருக்குப் போகும் அல்லது ஆஸ்பத்திரியில் மயக்கத்தில் இருக்கும்.

இதோடு தாமதம் ஒன்றும் சேர்கிறது. பார்வையாளருக்கு ஒரு டிராக் பிடிக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிராக் என்பது முதன்மைக் கதைக்குள் சில வாரம் ஓடும் கிளைக்கதை.

1. அது ஒளிபரப்பான வாரம் வெள்ளியன்று முடிகிறது.
2. கணக்கு அடுத்த வியாழன் வருகிறது.
3. சேனலும் தயாரிப்புக் குழுவும் பேசிக் கதையை மாற்ற முடிவெடுக்கிறார்கள்.
4. அதற்குள் முன்கூட்டியே எடுத்து வைத்த எபிசோடுகள், அதாவது பேங்க், கையில் இருக்கும். அவை ஓடித் தீர வேண்டும்.
5. பிறகுதான் திருத்தம் திரையில் தெரியும். மூன்று, நான்கு வாரம் சர்வசாதாரணம்.

அந்த நேரத்தில் பழைய டிராக்குக்குப் பழகிவிட்டவர்கள், "நல்லா போயிட்டிருந்ததை ஏன் கெடுத்தாங்க?" என்பார்கள். இரண்டு கருத்தும் உண்மையானவை. வெவ்வேறு வாரத்துக்கு உரியவை.

வில்லி மேல் இவ்வளவு கோபம் ஏன்

நல்லவர்களுக்குப் பெரும்பாலும் பொறுத்துக்கொள்வதுதான் வேலை. கதையை நகர்த்துவது கெட்டவர்கள். தினசரிக் கதைக்குத் தினமும் ஒரு செயல் வேண்டும் என்பதால் வில்லியின் பங்கு தானாகவே பெருகுகிறது. 'தெய்வமகள்' காயத்ரியைத் திட்டாத வீடு இல்லை, அவர் வராத எபிசோடை விரும்பிய வீடும் இல்லை. 'எதிர்நீச்சல்' தொடரில் ஆதி குணசேகரன் ஆணாதிக்கத்தின் முழு உருவம். ஆனால் அந்தப் பாத்திரத்தில் நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பர் 8-இல் காலமானபோது, நெருங்கியவர் போனதுபோல வருந்தியவர்களில் அந்தப் பாத்திரத்தை நாள்தோறும் சபித்தவர்களும் இருந்தார்கள். பிறகு வேல ராமமூர்த்தி அதே பாத்திரத்தை ஏற்றார். நல்ல நடிகர்தான். ஆனாலும் பார்வையாளர்கள் ஒப்பிடுவதை நிறுத்தவில்லை. 2024 ஜூனில் தொடர் முடிந்தது. தினசரித் தொடரில் முகமும் குரலும் பழக்கத்தின் பகுதியாகிவிடுகின்றன. 'இவருக்குப் பதில் இவர்' என்று ஒரு வரி போட்டு அதை மாற்றிவிட முடியாது.

"முன்னெல்லாம் நல்லா இருந்துச்சு" என்பது எவ்வளவு சரி

ஓரளவு சரி. முடிவு தெரிந்து எழுதிய கதையில் காட்சிக்குக் காரணம் இருக்கும். அந்தக் கட்டுக்கோப்பு போனது உண்மையான இழப்பு, என் கணிப்பில் மிகப் பெரிய இழப்பும் அதுதான்.

ஆனால் நினைவு சலித்துத்தான் எடுத்து வைக்கிறது. இன்று நாம் பேர் சொல்லும் பழைய தொடர்கள் பத்துப் பதினைந்து இருக்கும். அதே நேரங்களில் ஓடி, பேர்கூட மறந்துபோனவை அதைவிடப் பல மடங்கு. பழையவற்றில் சிறந்ததை இன்றையவற்றில் சராசரியோடு ஒப்பிடுகிறோம். இரண்டாவது, 'மெட்டி ஒலி' ஓடியபோதே அழுவாச்சி சீரியல் என்ற பேச்சு இருந்தது. 2020 ஊரடங்கில் படப்பிடிப்பு நின்று அது மறுஒளிபரப்பானபோது, பலருக்கு அதே அழுகை நிறைவாகத் தெரிந்தது. ஐந்து பெண்களைக் கட்டிக்கொடுத்த அப்பாவின் வீட்டுக் கஷ்டம் அதில் வரவு செலவோடு வந்தது: சீர், கடன், மாமியார் பேச்சு. கடத்தல், விஷம், ஆள்மாறாட்டம் இல்லாமலே பார்க்கவைத்தது. நீளம் மட்டுமே எதிரி அல்ல என்பதற்கு அது சான்று. மூன்றாவது, முன்பு ஒரே சேனல் இருந்ததால் பிடிக்காவிட்டாலும் எல்லாரும் அதையே பார்த்தோம். மறுநாள் குழாயடியில் எல்லாருக்கும் பேச ஒரே கதை இருந்தது. அந்தக் கூட்டு அனுபவத்தின் இனிமையையும் சேர்த்தே சீரியலின் தரமாக நினைவில் வைத்திருக்கிறோம்.

புகார் சொல்ல வழி உண்டா

உண்டு, ஆனால் எல்லாவற்றுக்கும் இல்லை. கதை இழுக்கிறது, நாயகியை மாற்றிவிட்டார்கள், நேரத்தை மாற்றிவிட்டார்கள் என்பவை புகாராக எடுபடாது. பெண்களை இழிவுபடுத்துவது, குழந்தைகளைத் தவறாகக் காட்டுவது, சாதி மத இழிவு, மூடநம்பிக்கையை ஊக்குவிப்பது போன்றவை கேபிள் டிவி விதிகளின் நிகழ்ச்சி நெறிமுறைக்குள் வரும். 2021-இல் திருத்தப்பட்ட விதிப்படி படிகள் இவை:

1. சேனல், தொடரின் பெயர், தேதி, நேரம், என்ன காட்சி, ஏன் ஆட்சேபம் என்று குறித்துக்கொள்ளுங்கள். சேனல்கள் ஒளிபரப்பிய பதிவை 90 நாள் வைத்திருக்க வேண்டும். அதைத் தாண்டவிட்டால் சரிபார்க்க எதுவும் மிஞ்சாமல் போகலாம்.
2. முதலில் சேனலுக்கே எழுத வேண்டும். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை, 15 நாளில் முடிவு வர வேண்டும்.
3. பதில் திருப்தி இல்லையென்றால் 15 நாளுக்குள் அந்தச் சேனல் சேர்ந்துள்ள சுயகட்டுப்பாட்டு அமைப்புக்கு மேல்முறையீடு. பொழுதுபோக்குச் சேனல்களுக்காக பிசிசிசி என்ற குழு 2011 முதல் இருக்கிறது.
4. அதற்கும் மேலே மத்திய அரசின் குழு.

விவரம் இல்லாத புகார் இரண்டாவது படியிலேயே செத்துவிடும். தேதியும் நேரமும் இல்லாமல் "இந்த சீரியல் ரொம்ப மோசம்" என்று மட்டும் எழுதினால் சேனல் எதைத் தேடிப் பார்க்கும்?

இழுவைக்கு இந்த வழி உதவாது. அங்கே மீட்டர் இல்லாத வீட்டுக்கும் எட்டும் ஒரு கணக்கு ஃபோனில் இருக்கிறது. சன் நெக்ஸ்ட், ஜியோ ஹாட்ஸ்டார், ஜீ5 போன்ற ஆப்களில் மாதிரி வீடு என்று எதுவும் கிடையாது. ஒவ்வொரு பயனர் கணக்கும் எந்த நிமிடத்தில் நிறுத்தியது, எந்தக் காட்சியைத் தள்ளிவிட்டது, எந்த எபிசோடுக்குப் பிறகு திரும்பி வரவில்லை என்பதெல்லாம் நடத்துபவர்களிடம் பதிவாகிறது. பிடிக்காத காட்சியைத் தள்ளித் தள்ளிக் கடைசி வரை போனால் எபிசோட் முடித்ததாகவும் கணக்கு சேரலாம். ஆறாவது நிமிடத்தில் அணைத்துவிட்டு வெளியே வந்தால், அந்த ஆறாவது நிமிடம் அப்படியே பதிவில் நிற்கும்.